இணையம் வளர்ந்த வரலாறு – 17: ஏடிஎம் வலைகளின் மேல் ஐபி

இணைய நெறிமுறையான ஐபி, ஏடிஎம் எனச் சுருக்கமாக வழங்கிய ஒத்திசைவற்ற பரிமாற்ற முறையின் மேல் ஏற்றிச் செலுத்தப்பட்ட காலம், முதன்மை வலைகளைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 1993 முதல் 2001 வரை நீண்டது. இந்த எட்டு ஆண்டுகளில் ஒரே பணிக்கு ஐந்தாறு வேறுபட்ட வழிகள் வகுக்கப்பட்டதும், அவற்றுள் பல தரநிலையாக வெளியான சில ஆண்டுகளுக்குள்ளேயே வழக்கொழிந்ததும் அக்காலப் பொறியாளர்களின் திறமைக் குறைவால் நேர்ந்தவை அல்ல. தரவை அனுப்புவது பற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு கொள்கைகளை ஒரே வலையில் இணைக்க முயன்றதால் நேர்ந்தவை.

ஐபியின் கொள்கைப்படி, அனுப்பப்படும் தரவு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் தான் சேர வேண்டிய இடத்தின் முழு முகவரியையும் தன் தலைப்பகுதியில் சுமந்து செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அம்முகவரியைப் படித்து, அடுத்து எங்கே அனுப்புவது என்பதைத் தானே முடிவு செய்கிறது. தொலைபேசி மரபில் பிறந்த ஏடிஎம்மிலோ, தரவு புறப்படுமுன்பே இரு முனைகளுக்கும் இடையே மெய்நிகர் சுற்று என்னும் பாதை ஒன்று சமிக்ஞைகளின் மூலம் நிறுவப்பட வேண்டும். நிறுவப்பட்ட பின் செல் எனப்படும் சிறு துண்டுகள் அப்பாதையில் வரிசை மாறாமல் செல்லும். ஒவ்வொரு செல்லும் முழு முகவரியைச் சுமக்காமல், அந்த ஒரு இணைப்புத் துண்டில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு சிறு எண்ணைச் சுமக்கும். அவ்வெண், விபிஐ எனப்படும் மெய்நிகர் தட எண், விசிஐ எனப்படும் மெய்நிகர் கால்வாய் எண் ஆகிய இரண்டும் சேர்ந்தது. ஒவ்வொரு ஸ்விட்சும் உள்ளே வரும் எண்ணை அட்டவணையில் பார்த்து, வெளியே செல்லும் எண்ணாக மாற்றி, உரிய வாயிலில் அனுப்பிவிடும்.

தொலைத்தொடர்புத் தரநிலைகளை வகுத்த சிசிஐடிடி என்னும் பன்னாட்டு அமைப்பு, 1988இல், குரல், காணொளி, தரவு அனைத்தையும் ஒரே வலையில் கொண்டுசெல்லும் அகன்ற அலைவரிசைத் திட்டத்திற்கு ஏடிஎம்மை அடிப்படையாகத் தேர்ந்தது. அடுத்த ஆண்டு செல்லின் அளவைப் பற்றி எழுந்த விவாதம் இவ்வரலாறு முழுவதற்கும் முக்கியமானது. கணினித் தரவை மனத்திற்கொண்ட அமெரிக்கத் தரப்பு 64 பைட் தரவைக் கொண்ட செல்லைக் கேட்டது. ஐரோப்பியத் தரப்பு 32 பைட்டை வலியுறுத்தியது. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் தொலைபேசிக் குரல் 64 பைட் செல்லை நிரப்ப 8 மில்லிநொடியும், 32 பைட் செல்லை நிரப்ப 4 மில்லிநொடியும் ஆகும். இந்தத் தாமதம் மிகுந்தால் பேசுபவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும் என்பதால் எதிரொலி நீக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டிவரும். சிறிய செல்லாயின் பிரான்ஸ் போன்ற நாடுகள் தம் எல்லைக்குள் அச்செலவைத் தவிர்க்கலாம். இரண்டுக்கும் நடுவே 48 பைட் என்று முடிவாயிற்று; 5 பைட் தலைப்பகுதி சேர்ந்து செல் 53 பைட் ஆனது. தொலைபேசியின் எதிரொலிக்காகவும் இரு தரப்பின் சமரசத்திற்காகவும் பிறந்த இந்த எண், பின்னாளில் ஏடிஎம் வழியே சென்ற ஒவ்வொரு இணையப் பொதியின் மேலும் சுமத்தப்பட்டது.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஐபியை ஏன் ஏடிஎம்மின் மேல் ஏற்ற வேண்டும் என்ற கேள்விக்கு அன்று வலுவான விடை இருந்தது. ரவுட்டர் ஒரு பொதியைப் பெற்றால், அதன் முகவரிக்கு மிக நீளமாகப் பொருந்தும் பதிவைப் பெரிய அட்டவணையில் தேட வேண்டும். இத்தேடலைப் பெரும்பாலும் மென்பொருளே செய்துவந்தது. ஏடிஎம் ஸ்விட்சோ சிறு எண்ணை நேரடியாகச் சுட்டெண்ணாகக் கொண்டு, வன்பொருளிலேயே ஒரே எட்டில் விடையைப் பெற்றது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பழைய முதுகெலும்பு வலை நொடிக்கு 45 மெகாபிட் வேகத்தில் இயங்கி 1995 ஏப்ரலில் ஓய்வுபெற்றபோது, அதே மாதம் எம்சிஐ நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கப்பட்ட விபிஎன்எஸ் என்னும் ஆய்வு வலை, மீகணினி மையங்களை 155 மெகாபிட் ஏடிஎம் இணைப்புகளால் பிணைத்தது. வேகம் வேண்டுமாயின் ஏடிஎம் வேண்டும் என்பது அவ்வாண்டுகளில் கண்கூடான உண்மையாக இருந்தது.

முதற்கேள்வி மிக எளியது: 1500 பைட் நீளமுள்ள ஒரு பொதியை 48 பைட் துண்டுகளாக நறுக்கி, மறுமுனையில் எவ்வாறு மீண்டும் சேர்ப்பது? தொலைத்தொடர்புத் தரநிலையாளர்கள் தரவுக்கென வகுத்திருந்த ஏஏஎல் 3/4 என்னும் இணக்கப் படலம், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வரிசை எண், பிழை சோதனை, நீளம் முதலியவற்றுக்காக 4 பைட்டுகளை எடுத்துக்கொண்டு, பயனருக்கு 44 பைட்டுகளை மட்டுமே விட்டுவைத்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டாம் லயன் 1991இல் முன்வைத்த மாற்றுத் திட்டம் இவை அனைத்தையும் அகற்றியது: செல்கள் ஒரே சுற்றில் வரிசை மாறாமல் வருவதால் செல்தோறும் எண்ணிட வேண்டியதில்லை, முழுப் பொதியின் இறுதியில் 8 பைட் கொண்ட ஒரு வாற்பகுதியைச் சேர்த்து, அதில் நீளத்தையும் 32 பிட் பிழை சோதனையையும் வைத்தால் போதும், கடைசிச் செல் எது என்பதைச் செல்லின் தலைப்பகுதியில் உள்ள ஒரே ஒரு பிட் காட்டிவிடும். ஏஏஎல் 5 என்ற பெயரில் தரநிலையான இந்த எளிமையே பிற்கால வழிகள் அனைத்திற்கும் அடித்தளமாயிற்று. ஏடிஎம்மின் மேல் ஐபி சென்ற வரலாற்றில் ஒவ்வொரு முன்னேற்றமும், முன்னரே கட்டப்பட்டிருந்த ஏதோ ஒன்றைக் கைவிட்டதால் வந்தது. அவ்வரிசையில் முதலாவது இது.

ஒரு மெய்நிகர் சுற்றில் ஐபி மட்டுமே செல்கிறதா, நாவெல், ஆப்பிள்டாக் முதலிய வேறு நெறிமுறைகளும் செல்கின்றனவா என்பதைப் பெறுபவர் அறிய வேண்டும். 1993 ஜூலையில் யூஹா ஹெய்னானன் எழுதி வெளியான ஆர்எஃப்சி 1483 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் இதற்கு இரு வழிகளை வகுத்தது. ஒன்று, நெறிமுறைக்கு ஒரு சுற்று என ஒதுக்குவது. அதில் கூடுதல் அடையாளம் எதுவும் தேவையில்லை. மற்றொன்று, எல்லா நெறிமுறைகளையும் ஒரே சுற்றில் அனுப்பி, ஒவ்வொரு பொதியின் முன்னும் 8 பைட் அடையாளத் தலைப்பைச் சேர்ப்பது. சுற்றுகளின் எண்ணிக்கை குறையும் என்பதால் பலரும் இரண்டாவதைத் தேர்ந்தனர். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம்; கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. டிசிபி நெறிமுறையில் தரவு கிடைத்ததை அறிவிக்கும் ஒப்புகைப் பொதி பெரும்பாலும் 40 பைட் நீளமுடையது. முதல் வழியில் அதனுடன் 8 பைட் வாற்பகுதி சேர்ந்து மிகச் சரியாக 48 ஆகி, ஒரே செல்லில் அடங்கிவிடுகிறது. இரண்டாம் வழியில் 56 பைட் ஆகி இரண்டு செல்களை, அதாவது 106 பைட்டுகளை, எடுத்துக்கொள்கிறது. அன்றைய இணையப் பொதிகளில் பெரும்பங்கு இத்தகைய ஒப்புகைகளே ஆதலால், இந்த 8 பைட் விலையுயர்ந்த 8 பைட் ஆயிற்று. 1500 பைட் பொதியும் இரண்டாம் வழியில் 32 செல்களாகி 1696 பைட் இடத்தைப் பிடித்தது. செல்லின் தலைப்பகுதிக்காக மட்டுமே 53இல் 5 பங்கு, அதாவது 9.4 விழுக்காடு, எப்போதும் கழிந்தது. அதைச் செல் வரி என்று ஐபி தரப்பினர் அழைத்தனர்.

பொதியை நறுக்குவது தீர்ந்தபின், யாருக்கு அனுப்புவது என்பது எஞ்சியது. ஐபி முகவரி 4 பைட் நீளம். ஏடிஎம் முகவரி 20 பைட் நீளம். இரண்டுக்கும் இடையே எந்த உறவும் இல்லை. ஈத்தர்நெட்டில் இதுபோன்ற கேள்வி எழுந்தால், இந்த ஐபி முகவரி யாருடையது என்று எல்லாரையும் நோக்கிக் கேட்டுவிடலாம். அங்கே கம்பி பொதுவானது. சுற்றுகளால் ஆன ஏடிஎம்மில் எல்லாரையும் நோக்கிப் பேசும் வழியே கிடையாது. ஹியூலட் பேக்கார்ட் ஆய்வகத்தின் மார்க் லாபாக் எழுதி 1994 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 1577, இதற்கு ஒரு முகவரிச் சர்வரை ஏற்படுத்தியது. ஏடிஎம்மில் இணைந்த கணினிகள் தருக்க ஐபி துணைவலைகளாகப் பகுக்கப்பட்டன. ஒவ்வொரு துணைவலைக்கும் ஒரு சர்வர். ஒவ்வொரு கணினியும் தன் இரு முகவரிகளையும் அதில் பதிவு செய்யும். பேச விரும்புபவர் அச்சர்வரிடம் கேட்டு, ஏடிஎம் முகவரியைப் பெற்று, நேரடிச் சுற்று ஒன்றை நிறுவிக்கொள்வார். ஆவணத்தின் தலைப்பே இதை மரபுவழி ஐபி என்று குறித்தது. ஐபியின் பழைய விதிகள் எதையும் மாற்றாமல் ஏடிஎம்மை ஈத்தர்நெட்டின் இடத்தில் வைப்பதே அதன் நோக்கம்.

அந்த விதிமாறாமையே அதன் குறையும் ஆயிற்று. வெவ்வேறு துணைவலைகளைச் சேர்ந்த இரு கணினிகள் ரவுட்டர் வழியாகவே பேச வேண்டும் என்பது ஐபியின் பழைய விதி. ஒரே ஏடிஎம் ஸ்விட்சின் அடுத்தடுத்த வாயில்களில் இணைந்திருந்தாலும், துணைவலை வேறாயின், செல்கள் ஒரு ரவுட்டருக்குச் சென்று, அங்கே பொதியாகச் சேர்க்கப்பட்டு, முகவரி தேடப்பட்டு, மீண்டும் செல்களாக நறுக்கப்பட்டு, அதே ஸ்விட்சுக்குத் திரும்பிவர வேண்டியிருந்தது. ரவுட்டரின் மந்தத்தைத் தவிர்க்கவே ஏடிஎம் வாங்கப்பட்டது என்பதை நினைத்தால், இது கசப்பான முடிவு.

ஏடிஎம் ஃபோரம் என்னும் தொழில்துறைக் கூட்டமைப்பு 1995 ஜனவரியில் வெளியிட்ட லேன் எமுலேஷன் என்னும் முறை, எதிர்ப்பக்கத்திலிருந்து முகவரிச் சிக்கலை அணுகியது: மேலுள்ள மென்பொருளுக்குத் தான் ஈத்தர்நெட்டின் மேல் இருப்பதாகவே தோன்றுமாறு, கீழே சில சர்வர்கள் முகவரிகளை மாற்றித்தரவும் பொது அறிவிப்புகளை எல்லாருக்கும் படியெடுத்து அனுப்பவும் செய்தன. பழைய மென்பொருள் எதையும் மாற்றாமல் அலுவலக வலைகளில் ஏடிஎம்மை நுழைக்க அது உதவியது. ஏடிஎம்மின் சேவைத் தரம் முதலிய சிறப்புகள் எதையும் மேலே தெரியவிடாமல் மறைத்தும் விட்டது.

துணைவலையின் எல்லையைத் தாண்டிக் குறுக்குப் பாதை அமைக்க என்எச்ஆர்பி என்னும் நெறிமுறை பல ஆண்டுகள் வரையப்பட்டு 1998 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2332 ஆக வெளிவந்தது. அதையும் லேன் எமுலேஷனையும் இணைத்த எம்பிஓஏ என்னும் முறையை ஏடிஎம் ஃபோரம் 1997இல் முடித்தது. சிந்தனையில் நுட்பமும் கட்டமைப்பில் பெருஞ்சிக்கலும் கொண்ட இவை வந்துசேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. கிகாபிட் ஈத்தர்நெட் 1998இல் தரநிலையானவுடன், அலுவலகக் கட்டடங்களுக்குள் ஏடிஎம் வாங்குவதற்கான காரணமே மறைந்தது.

பெரும் இணையச் சேவை நிறுவனங்களின் முதுகெலும்பு வலைகளில் கதை வேறு. அங்கே முகவரிச் சர்வர்களும் உடனடிச் சுற்றுகளும் தேவைப்படவில்லை. நாட்டின் நடுவே ஏடிஎம் ஸ்விட்சுகள், விளிம்பில் ரவுட்டர்கள், ஒவ்வொரு ரவுட்டருக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே பொறியாளர் கையால் வகுத்த நிலையான மெய்நிகர் சுற்று என்பதே அமைப்பு. இதன் பெரும் பயன், எந்த இரு நகரங்களுக்கு இடையிலான போக்குவரத்து எந்தக் கம்பிவடத்தின் வழியே செல்ல வேண்டும் என்பதை நிறுவனமே தீர்மானிக்க முடிந்ததாகும். ஐபியின் வழிகாட்டு நெறிமுறைகளோ எப்போதும் மிகக் குறுகிய பாதையில் அனைத்தையும் திணித்து, பக்கத்திலேயே வெறுமையாகக் கிடக்கும் பாதையைக் கவனியாமல் விட்டன. ஆனால் 10 ரவுட்டர்களுக்கு 45 சுற்றுகள் போதுமாயின், 100 ரவுட்டர்களுக்கு 4950 வேண்டும். ஐபியின் பார்வையில் ஒவ்வொரு சுற்றும் ஓர் அண்டை உறவு; ஒரே கம்பிவடம் அறுந்தால் அதற்குள் சென்ற நூற்றுக்கணக்கான உறவுகள் ஒருசேர முறியும்; ஒவ்வொரு முறிவையும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் எல்லா அண்டையருக்கும் அறிவிக்கும். வலை வளர வளர, இந்த அறிவிப்புகளின் வெள்ளமே வலையைச் சாய்க்கும் நிலை தோன்றியது. இரு அடுக்குகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததன் விலை இதுவே: மேலடுக்கு, கீழே கம்பி ஒன்றுதான் என்பதை அறியவில்லை, கீழடுக்கு, மேலே செல்வது பொதி என்பதை அறியவில்லை.

இரண்டாவது அறியாமையின் விளைவை அலின் ரோமனோவும் சாலி ஃபிளாய்டும் 1994இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. நெரிசலின்போது ஏடிஎம் ஸ்விட்ச் செல்களைக் கைவிடுகிறது. 32 செல்களாகச் செல்லும் ஒரு பொதியில் ஒரே செல் விழுந்தாலும் மற்ற 31ம் பயனற்றவை. ஆயினும் வலை அவற்றை மறுமுனைவரை சுமந்து செல்கிறது. அங்கே முழுப் பொதியும் நிராகரிக்கப்பட்டு, மீண்டும் அனுப்பப்படுகிறது. நெரிசல் மிகுந்த வேளையில் பயனற்ற செல்களே வடத்தை நிரப்பி, டிசிபியின் பயன்வேகம் கடுமையாக வீழ்ந்தது. அவர்கள் கூறிய தீர்வு, தேக்கிடம் ஓர் அளவுக்கு மேல் நிரம்பியவுடன் புதிதாக வரும் பொதியின் செல்களை முதலிலிருந்தே முழுமையாகக் கைவிடுவதாகும். பொதி எங்கே முடிகிறது என்பதை ஸ்விட்ச் அறிவதற்கு ஏஏஎல் 5இன் அந்த ஒற்றைப் பிட் உதவியது. செல்களை மட்டுமே அறிய வேண்டிய ஸ்விட்ச், நன்றாக இயங்குவதற்காகப் பொதியைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது என்பது கொள்கையளவில் பெரிய ஒப்புதல்.

அடுத்த திருப்பத்திலும் டாம் லயனே முன் நின்றார். அவரும் பீட்டர் நியூமனும் சேர்ந்து 1994இல் தொடங்கிய இப்சிலான் நெட்வொர்க்ஸ் நிறுவனம், ஏடிஎம் ஸ்விட்சின் வன்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் சமிக்ஞை மென்பொருள் முழுவதையும் எறிந்துவிட்டது. ஸ்விட்சோடு ஒரு கட்டுப்பாட்டுக் கணினி இணைக்கப்பட்டு, அது சாதாரண ஐபி ரவுட்டராக இயங்கியது. தொடக்கத்தில் எல்லாப் பொதிகளும் அதன் வழியே சென்றன. ஒரே மூலத்திலிருந்து ஒரே இலக்குக்குத் தொடர்ந்து பொதிகள் வருவதைக் கண்டால், கட்டுப்பாட்டுக் கணினி மேலேயுள்ள அண்டை ரவுட்டரிடம், இந்த ஓட்டத்தை இனி இந்தப் புதிய விசிஐ எண்ணில் அனுப்புக என்று கேட்கும். கீழேயுள்ள அண்டையும் அவ்வாறே இதனிடம் கேட்டிருந்தால், இரு எண்களையும் ஸ்விட்சின் அட்டவணையில் இணைத்துவிடும். அதன்பின் அந்த ஓட்டம் கணினியைத் தொடாமல் வன்பொருளின் வழியே நேராகச் செல்லும். முனைக்கு முனை சுற்று நிறுவுவது, 20 பைட் முகவரி, முகவரிச் சர்வர் ஆகிய அனைத்தும் இதனால் தேவையற்றுப்போயின. பயன்படுத்திய இரு நெறிமுறைகளையும் இப்சிலான் 1996இல் ஆர்எஃப்சி 1953, 1987 ஆக வெளிப்படையாக வெளியிட்டது. இதையொத்த சிந்தனையை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தார் இன்னும் முன்பே, 1994இல், முன்வைத்திருந்தனர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். வணிகப் பரபரப்பில் அவர்களது பங்கு உரிய அளவுக்குப் பேசப்படவில்லை.

இப்சிலானின் முறைக்கு ஒரு வரம்பு இருந்தது. அலுவலக வலையில் ஓட்டங்கள் சில. முதுகெலும்பு வலையில் அவை பல்லாயிரம், அதிலும் பெரும்பாலானவை சில பொதிகளோடு முடிந்துவிடுபவை. ஒவ்வொன்றுக்கும் எண் ஒதுக்குவது இயலாது. சிஸ்கோ நிறுவனம் 1996 செப்டம்பரில் அறிவித்த டேக் ஸ்விட்சிங், ஓட்டத்துக்காகக் காத்திராமல், வழிகாட்டு அட்டவணையில் உள்ள ஒவ்வொரு இலக்குக்கும் முன்கூட்டியே ஒரு சிட்டை எண்ணை ஒதுக்கி அண்டையருக்கு அறிவித்தது. ஐபிஎம்மின் ஏரிஸ் என்னும் திட்டமும் இதற்கு நெருக்கமானது. 1997இல் இணையப் பொறியியலாளரின் ஐஇடிஎஃப் அமைப்பில் இத்திட்டங்களை ஒன்றாக்கும் பணிக்குழு அமைந்தது. எரிக் ரோசன், அருண் விஸ்வநாதன், ராஸ் கேலன் ஆகியோர் எழுதிய, அவ்வாறு ஒன்றாக்கப்பட்ட எம்பிஎல்எஸ் என்னும் முறையின் கட்டமைப்பு ஆவணம் 2001 ஜனவரியில் ஆர்எஃப்சி 3031 ஆக வெளிவந்தது.

எம்பிஎல்எஸ்ஸில் ஏடிஎம் ஸ்விட்சே ஐபியின் வழிகாட்டு நெறிமுறையை இயக்கும் ரவுட்டராக மாறியதால், நூற்றுக்கணக்கான பொய்யான அண்டை உறவுகள் மறைந்து, கம்பிவடம் உள்ள இடத்தில் மட்டும் உறவு எஞ்சியது. ஆயினும் பழைய செல்கள் புதிய கொள்கைக்கு எளிதில் இடம் தரவில்லை. ஒரே இலக்கை நோக்கிப் பல திசைகளிலிருந்து வரும் பொதிகளுக்கு ஒரே சிட்டை போதும் என்பது எம்பிஎல்எஸ்ஸின் சிக்கனம். ஏஏஎல் 5இலோ செல்லுக்குத் தனி அடையாளம் இல்லாததால், இரு பொதிகளின் செல்கள் ஒரே விசிஐ எண்ணில் கலந்துவிட்டால் மறுமுனையில் அவற்றைப் பிரிக்கவே முடியாது. ஆகவே ஸ்விட்ச் ஒரு பொதியின் கடைசிச் செல் வரும்வரை மற்றதைத் தேக்கிவைக்க வேண்டும். அன்றைய ஸ்விட்சுகள் பல அதற்கு ஏற்றவை அல்ல. மேலும் ஐபி பொதி முடிவின்றிச் சுழலாமல் காக்கும் தாவல் எண்ணிக்கை செல்லின் தலைப்பகுதியில் இல்லை. அதைக் குறைக்கவும் ஸ்விட்சுக்குத் தெரியாது. 1991இல் பயனளித்த எளிமை, இங்கே தடையாகத் திரும்பிவந்தது.

அதற்குள் ஏடிஎம்மைத் தேர்ந்ததற்கான முதற்காரணமும் நீங்கிவிட்டது. முழு ஐபி முகவரியை வன்பொருளிலேயே தேடும் சில்லுகள் உருவாகி, ஜூனிப்பர் நிறுவனம் 1998இல் எம்40 என்னும் ரவுட்டரை வெளியிட்டது. நொடிக்கு 2.5 கிகாபிட் வேகத்தில் பொதிகளைச் செல்களாக நறுக்கிச் சேர்க்கும் கருவிகளைச் செய்வது கடினமாகவும் செலவாகவும் இருந்தபோது, பொதிகளை நேரடியாக ஒளியிழை வடத்தின் சட்டங்களில் ஏற்றும் முறை, செல் வரி எதுவுமின்றி, அதே வேகத்தில் இயங்கியது. எம்பிஎல்எஸ்ஸும் 53 பைட் செல்லை விட்டு, பொதியின் முன் செருகும் 32 பிட் சிட்டையாக அவ்வடங்களின் மேல் ஏறிக்கொண்டது. சமிக்ஞையும் செல்லும் கைவிடப்பட்டபின், ஏடிஎம்மிலிருந்து எஞ்சியது இடந்தோறும் மாறும் சிறு எண்ணைக் கொண்டு அனுப்பும் முறை. போக்குவரத்தைத் திட்டமிட்ட பாதையில் செலுத்தும் வசதியோடு அது இன்றும் பெரும் வலைகளில் இயங்குகிறது.

முதுகெலும்பில் மறைந்த செல்கள், வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தன. ஏடிஎஸ்எல் என்னும் அகன்ற அலைவரிசை இணைப்பு, தொலைபேசி நிறுவனங்களின் ஏடிஎம் வலையை நம்பியே வடிவமைக்கப்பட்டிருந்தது. பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பிபிபி நெறிமுறையை நேரடியாக ஏடிஎம்மின் மேல் ஏற்றும் வழி 1998இலும், ஈத்தர்நெட்டின் மேல் ஏற்றி அதை ஆர்எஃப்சி 1483இன் வழியே செல்களாக்கும் பிபிபிஓஇ என்னும் வழி 1999இலும் வெளியாயின. பிந்தைய வழியில் 8 பைட் கழிந்து பொதியின் உச்ச நீளம் 1492 ஆனது. பிஎஸ்என்எல் 2005இல் தொடங்கிய பிராட்பேண்ட் சேவையைப் பெற்ற தமிழக வீடுகளின் மோடங்களில் விபிஐ 0, விசிஐ 35 என்று நிரப்பப்பட்ட எண்கள், அம்மோடத்தையும் தொலைபேசி நிலையத்தையும் இணைத்த நிலையான மெய்நிகர் சுற்றின் எண்களே. பிரிட்டனில் அதே இடத்தில் 0, 38 என்று நிரப்பினர். பின்னர் வந்த விடிஎஸ்எல் 2 இணைப்புகள் செல்களை விட்டுப் பொதிகளை நேரடியாகவே ஏற்றத் தொடங்கியபோது, 1989இன் சமரச அளவு வீட்டுக் கம்பியிலிருந்தும் விலகியது.